ஒரே செம்பில் மூன்று ஆட்சிகள்

கேள்வி: என் பெரியப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர். போன துறைமுகங்களில் எல்லாம் பழைய செப்புக் காசுகளை வாங்கிச் சேர்த்திருக்கிறார். அவர் காலமான பிறகு அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. நானும் சேகரிப்பவள் என்பதால் பெரும்பாலானவற்றை இனம் கண்டுவிட்டேன். மூன்று மட்டும் பிடிபடவில்லை.

முதல் காசு மிகப் பெரியது. விட்டம் 43 மி.மீ., எடை 49.8 கிராம். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு. மறுபக்கம் கிரீடத்தின் கீழ் பின்னிய எழுத்துகள், சுற்றிலும் இலை வளையம், எழுத்துகளின் இருபுறமும் 17, 63 என்ற எண்கள். ஆனால் அவற்றோடு கலந்து சம்பந்தமே இல்லாத உருவங்கள் தெரிகின்றன: சாய்ந்த கம்பங்கள், பீப்பாய் போல ஒன்று, வளைவாகச் சில நட்சத்திரங்கள். இரண்டாவது காசு கோணல்மாணலானது, 11 கிராம். ஒரு பக்கம் பெரிய 'எம்' எழுத்து, அதன் குறுக்கே பெருக்கல் குறி போன்ற தடங்கள். மறுபக்கம் நிற்கும் இரண்டு உருவங்கள். மூன்றாவதில் இலை வளையத்துக்குள் 80 என்று இருக்கிறது, அதன் மேலேயே ஒரு சின்ன வட்டத்துக்குள் 40 என்று குத்தியிருக்கிறது.

ஒரு வியாபாரி, "எல்லாம் மின்ட் எரர், முதல் காசே லட்சம் போகும்" என்றார். இன்னொருவர், "அச்சு கெட்ட காசு, செம்பு விலைதான்" என்றார். யார் சொல்வது சரி? புளி போட்டுத் தேய்த்தால் அடியில் இருப்பது தெளிவாகத் தெரியுமா? தரச்சான்றுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

– ஓர் ஆசிரியை, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

புளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது அவசரம். வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ், பழைய பல் பிரஷ் எதுவுமே வேண்டாம். உங்களைக் குழப்பும் அந்தக் கோடுகள் மிக மெல்லியவை. விரல் நுனியில்கூடச் சரியாகத் தட்டாது. அமிலமும் உரசலும் முதலில் அழிப்பது அவற்றைத்தான். அதுவும் அந்த 'எம்' எழுத்துக் காசு போன்ற மிகப் பழைய செம்பில், எழுத்தின் ஓரங்கள் பல இடங்களில் மேலே படிந்த பழுப்பு, பச்சைப் படலத்திலேயேதான் நிற்கும். படலம் போனால் எழுத்தும் போய்விடும். பளபளவென்று ஒரு தகடு மிஞ்சும். அது எந்தக் காசு என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

வியாபாரிகள் இருவர் சொன்னதும் தவறு. உங்கள் முதல் இரண்டு காசுகளும் மேலச்சுக் காசுகள். சேகரிப்பவர்கள் 'ஓவர்ஸ்ட்ரைக்' என்பார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த காசை உருக்காமல், அப்படியே இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்துப் புதிய காசாக்குவது. இதில் அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் இடத்தின், கவனக்குறைவு எதுவும் கிடையாது. அரசு ஆணை போட்டு, திட்டமிட்டு, பெரும் எண்ணிக்கையில் செய்த வேலை. அதனால் 'எரர்' என்று விலை கூட்டுவதும் பொருந்தாது, 'கெட்ட அச்சு' என்று ஒதுக்குவதும் பொருந்தாது.

இப்படிப்பட்ட ஒரு காசை அடையாளம் காண்பது என்றால் இரண்டு காசுகளை அடையாளம் காண்பது என்று பொருள். மேலே தெரிவதைப் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடக் கூடாது. அடியில் கிடப்பது எது, அதை ஏன் அழித்தார்கள் என்று கேட்கும்போதுதான் இந்தக் காசு பேசத் தொடங்கும்.

முதல் காசுக்கு வருவோம். நீங்கள் எடை போட்டு எழுதியது மிகவும் உதவியது. மேலச்சுக் காசில் உருவம் ஏமாற்றலாம், எடை அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. இது ரஷ்யாவின் 5 கோபெக் செப்புக் காசு, இரண்டாம் கேத்தரின் ஆட்சியில் 1763-இல் அடித்தது. பின்னிய எழுத்துகள் அவருடைய பெயரின் முதல் எழுத்தும் ரோம எண் இரண்டும். ஏன் இவ்வளவு கனம் என்றால், அன்று செப்புக் காசின் மதிப்பை அதில் உள்ள செம்பின் எடையோடு கட்டிப்போட்டிருந்தார்கள். 'பூட்' என்பது ரஷ்ய எடை அளவு, சுமார் 16.38 கிலோ. 1757-இல், எலிசபெத் பேரரசியின் காலத்தில், ஒரு பூட் செம்பிலிருந்து 16 ரூபிள் பெறுமான காசுகள் அடிப்பது என்று முடிவாயிற்று. ரூபிளுக்கு 100 கோபெக். வகுத்துப் பார்த்தால் கோபெக்குக்கு 10.24 கிராம், 5 கோபெக் காசுக்கு 51.2 கிராம் வரும். உங்களுடையது 49.8. தேய்மானத்தையும், அந்தக் காலத்தில் காசுக்குக் காசு எடை கொஞ்சம் கூடக்குறைய இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, அந்தக் கம்பங்களும் பீப்பாயும்? அவை கொடிகள், முரசு. எலிசபெத்துக்குப் பிறகு 1762 தொடக்கத்தில் மூன்றாம் பீட்டர் பட்டத்துக்கு வந்தார். ஏழாண்டுப் போரில் கஜானா காலியாகியிருந்தது. அவரோ டென்மார்க் மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒரு பூட் செம்பிலிருந்து 16 ரூபிளுக்குப் பதில் 32 ரூபிள் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அதாவது அதே எடைச் செம்புக்கு இரண்டு மடங்கு மதிப்பு. புதுச் செம்பு தோண்டவும் வேண்டாம், பழையதை உருக்கவும் வேண்டாம். புழக்கத்திலிருந்த 5 கோபெக் காசை வாங்கி, மேலே '10 கோபெக்' என்று அடித்தால் போதும். 2 கோபெக் காசு 4 ஆனது, 1 கோபெக் 2 ஆனது. அந்தப் புதிய 10 கோபெக் காசில் போர்க்கொடிகள், முரசு எல்லாம் குவித்து வைத்ததுபோல ஓர் உருவம், மதிப்பைக் காட்டும் நட்சத்திரங்கள், 1762 என்ற ஆண்டு. சேகரிப்பவர்கள் இதை 'முரசுக் காசு' என்றே அடையாளம் சொல்வார்கள்.

பீட்டரின் ஆட்சி சில மாதங்களே நின்றது. அந்த ஆண்டு கோடையிலேயே அவரைக் கவிழ்த்துவிட்டு அவருடைய மனைவி கேத்தரின் அரசியானார். அவர் பழைய கணக்குக்கே திரும்பினார், பூட்டுக்கு 16 ரூபிள். கணவர் அடித்த 10 கோபெக் காசுகளைத் திரும்ப வாங்கி, மறுபடி 5 கோபெக்காக அடிக்கச் செய்தார். உங்கள் கையில் இருப்பது அப்படித் திரும்பி வந்த ஒன்று. முரசும் நட்சத்திரமும் பீட்டருடையவை. கழுகும் 1763-உம் கேத்தரினுடையவை.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பீட்டரின் 10 கோபெக் காசுகளில் பலவும் எலிசபெத்தின் 5 கோபெக் காசுகள் மீது அடித்தவை. அப்படியானால் உங்கள் காசில் மூன்று அடுக்குகள் இருக்க வாய்ப்பு உண்டு: 5 ஆகப் பிறந்து, 10 ஆகி, மறுபடி 5 ஆனது. ஒரே வட்டச் செம்பு, மூன்று ஆட்சிகள், சில வருட இடைவெளியில். மூன்று அடுக்கும் தெரியும் காசுகள் உண்மையிலேயே கிடைக்கின்றன. எலிசபெத்தின் காசிலும் இரட்டைத் தலைக் கழுகும் இலை வளையமும் உண்டு என்பதால் கொஞ்சம் கவனமாகத் தேட வேண்டும். இப்போது தெரியும் வளையத்தோடு பொருந்தாத வேறு சில இலைகளோ, 58 முதல் 61 வரையிலான ஆண்டு எண்ணின் ஓர் இலக்கமோ தென்படுகிறதா பாருங்கள். தெரிந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். ஆவலாக இருக்கிறேன்.

எப்படித் தேடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லா மேலச்சுக் காசுக்கும் பொருந்தும். அச்சு என்பது காசின் எதிர்மறை. காசில் மேடாக இருக்கும் கழுகு, அச்சில் பள்ளம். காசில் சமதரையாக இருக்கும் இடம்தான் அச்சில் எல்லாவற்றையும்விட மேடு. அடி விழும்போது அந்த மேடு முதலில் செம்பைத் தொட்டு நன்றாக நசுக்கும். ஆகவே சமதரையில் பழைய உருவம் பெரும்பாலும் தட்டையாகிப்போகும், நிழல்போல ஓர் ஓரக்கோடு மட்டும் மிஞ்சும். பள்ளத்துக்குள் செம்பு முழுமையாக ஏறாத இடங்களில், அதாவது கழுகின் நெஞ்சிலும் இறக்கையிலும் பின்னிய எழுத்துகளின் மேலும், பழைய உருவம் அழியாமல் தங்கும். பழகாத கண் சமதரையிலேயே தேடும். நீங்கள் புதிய உருவத்தின் முதுகிலே தேடுங்கள். விளிம்போரமும் பாருங்கள், அங்கே அடி வலுக்குறைந்து விழுந்திருக்கும்.

வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு டார்ச் அல்லது மேசை விளக்கை மேசை மட்டத்திலேயே வைத்து, ஒளி காசின் மேல் படுக்கையாகப் போகும்படி செய்யுங்கள். போனை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் நான்கு திசைகளுக்கும் மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒரு திசையில் மறைந்த கோடு இன்னொரு திசையில் எழுந்து நிற்கும். நட்சத்திரங்கள் எத்தனை என்று ஒரே படத்தை வைத்து எண்ணி முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்து, கோணம். மேலச்சு நேராக இருக்கும்படி காசை வையுங்கள். பிறகு அடியில் உள்ள உருவம் நேராகத் தெரியும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள். அப்போது பழைய காசின் 'தலை' கடிகாரத்தில் எத்தனை மணித் திசையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'அடியச்சு 4 மணி' என்பதுபோல ஒரு குறிப்பு; அடியச்சு என்பது அடியில் கிடக்கும் பழைய உருவம். அக்கசாலையில் பழைய காசை எந்தப் பக்கம் மேலே வைக்கிறோம் என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் முரசு கழுகுப் பக்கத்திலும் வரலாம், எழுத்துப் பக்கத்திலும் வரலாம். ஒரு பக்கத்தில் அடியச்சு எது என்று தெரிந்துவிட்டால், மறுபக்கத்தில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பழைய காசின் நல்ல படம் ஒன்றை அதே அளவுக்குப் பெரிதாக்கி, ட்ரேசிங் தாளில் எடுத்து, உங்கள் காசின் படத்தின் மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் பொருந்த வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொருந்தினால் அது நம் ஆசை.

மேலச்சு என்று சொல்லும் முன் வேறு சிலவற்றை ஒதுக்க வேண்டும். ஒரே அச்சில் காசு நகர்ந்து இரண்டு முறை அடிபட்டிருந்தால், அதே உருவம்தான் இரண்டாகத் தெரியும்: இரண்டு அலகு, இரண்டு வால், எல்லாம் ஒரே தூரம், ஒரே சாய்வு. முதல் அடிக்குப் பிறகு காசு புரண்டு விழுந்து மறுபடி அடிபட்டால் மறுபக்க உருவம் வந்து கலக்கும். அப்போதும் எல்லாம் அந்தக் காசுக்கே உரிய உருவங்கள்தான். வேறு காசுக்குரிய எதுவும் வராது. நடுவே காசு இல்லாமல் மேலே உள்ள அச்சும் கீழே உள்ள அச்சும் ஒன்றோடொன்று மோதியிருந்தால், அச்சே காயப்பட்டு, பிறகு அடிக்கும் எல்லாக் காசிலும் மறுபக்க உருவத்தின் தடம் கண்ணாடிப் பிம்பமாக இடம்வலம் மாறி விழும். உங்கள் முரசும் கொடிகளும் கேத்தரினின் காசில் எங்கும் இல்லாதவை, நேராகவே தெரிகின்றன. ஆகவே சந்தேகம் இல்லை. முன்னே சொன்ன நகர்ந்த அடி, புரண்ட அடி, மோதிய அச்சு மூன்றும்தான் அக்கசாலைப் பிழைகள். அந்த வியாபாரி சொன்ன 'எரர்' என்ற சொல் பொருந்துவது இவற்றுக்குத்தான்.

ரஷ்யாவில் இதே கதை இன்னொரு முறையும் நடந்தது. சேகரிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பொறி அதில் இருக்கிறது. 1796-இல், கேத்தரினின் கடைசி ஆண்டில், அவருடைய அந்தரங்க ஆலோசகர் பிளாட்டன் ஜூபோவின் யோசனைப்படி மறுபடியும் பூட்டுக்கு 32 ரூபிள் கணக்கில் 5 கோபெக் காசுகளை 10 கோபெக்காக அடித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் கேத்தரின் இறந்தார். மகன் பாவெல் வந்ததும் அதை ரத்து செய்து, மறுபடி 5 கோபெக்காக மாற்ற உத்தரவிட்டார். ஆனால் அதற்குப் பயன்படுத்தியவை அம்மாவின் பழைய அச்சுகள், பழைய ஆண்டுகளோடு. அதனால் மேலே 1793 என்றும் அடியில் 1796 என்றும் உள்ள காசு கிடைக்கும். பின்னால் வந்த ஆண்டு எப்படி அடியில் போனது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், சிலர் போலி என்றே தள்ளிவிடுவார்கள். மேலச்சு எப்போதும் பிந்தியதுதான். அதில் பொறித்திருக்கும் ஆண்டு மட்டும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது காசு இதைவிடப் பதினோரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது. பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், 'ஃபோலிஸ்' என்ற செப்புக் காசு. பெரியப்பாவின் கப்பல் இஸ்தான்புல் பக்கம் போயிருக்க வேண்டும். 'எம்' என்று நீங்கள் படித்தது கிரேக்க எண் 40. முதலாம் அனஸ்தாசியஸ் 498-இல் கொண்டுவந்த காசுத் திட்டத்தில் 40 நும்மி (அன்றைய மிகச் சிறிய பண அலகு) மதிப்புள்ள காசுக்கு அந்த அடையாளம். நிற்கும் இரண்டு உருவங்கள் பேரரசர் ஹெராக்ளியஸும், 613-இல் குழந்தையாக இருந்தபோதே அவரோடு இணை அரசனாக முடிசூடிய அவருடைய மகனும். ஒருவர் உயரமாகவும் ஒருவர் குட்டையாகவும் இருக்கிறார்களா பாருங்கள்.

அந்தப் பெருக்கல் குறிகளைப் பார்த்ததும் எனக்கு உடனே ஃபோகஸ்தான் நினைவுக்கு வந்தார். 602-இல் மாரிஸ் பேரரசரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவர். அவருடைய ஃபோலிஸ் பலவற்றில் கிரேக்க எழுத்துக்குப் பதில் ரோம எண்ணில், நான்கு பெருக்கல் குறிகளாக 40 என்று எழுதியிருக்கும். உங்கள் காசில் நான்கு குறி ஒரே வரிசையில் தெரிந்தால் அடியில் இருப்பது அநேகமாக ஃபோகஸ் காசு. மூன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் அது 30 நும்மி, வேறு காசைத் தேட வேண்டியிருக்கும். 610-இல் ஹெராக்ளியஸ் வந்து ஃபோகஸைக் கொன்றார். அடுத்த சில ஆண்டுகளில் பாரசீகர்கள் டமாஸ்கஸையும் ஜெருசலேமையும் பிடித்துக்கொண்டார்கள், பிறகு எகிப்தும் போயிற்று. வரி வருமானம் குறைந்து, படைச்செலவு கழுத்தை நெரித்த நேரம். புதிதாகத் தகடு வார்த்து, வட்டமாக வெட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, செம்பும் இல்லை. பழைய காசை எடுத்து, சில சமயம் ஓரத்தை வெட்டிக் குறைத்து, மேலே அடித்தார்கள். உங்கள் காசின் கோணல் வடிவத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். விளிம்பில் உளி வெட்டிய நேர்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதிலும் ஆண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டு. 'எம்' எழுத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 'அன்னோ' என்ற லத்தீன் சொல், வலப்பக்கம் ஆட்சி ஆண்டு ரோம எண்களில், அடியில் அக்கசாலையின் பெயர்ச் சுருக்கம். மேலச்சுக் காசில் வலப்பக்க எண்ணோடு பழைய காசின் கோடுகள் கலந்து ஆண்டு கூடிவிடும், கவனம். ஒரு கோடு அதிகமாகத் தெரிந்தால் அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று சாய்வைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது காசு மேலச்சே இல்லை. பிரேசிலின் 80 ரெய்ஸ், அதன் மேல் ஒரு குத்து முத்திரை, 'கவுண்டர்மார்க்'. மேலச்சில் இரண்டு பக்கமும் முழுதாகப் புதிய உருவம் பெறும். குத்து முத்திரையில் காசு அப்படியே இருக்க, சிறிய உளியால் ஓரிடத்தில் மட்டும் ஓர் அடையாளம் விழும். அதன் நேர் பின்னால் மறுபக்கம் கொஞ்சம் தட்டையாகியிருக்கும். 1820-களின் பிற்பகுதியில் பிரேசிலில் கள்ளச் செப்புக் காசு வெள்ளம்போலப் பெருகியது. 1835-இல் செப்புக் காசுகளின் மதிப்பைப் பாதியாக்கி முத்திரை குத்தினார்கள்: 80-க்கு 40, 40-க்கு 20, 20-க்கு 10. பீட்டர் இரட்டிப்பாக்கியதற்கு நேர் எதிர். இது எளிதில் கிடைக்கும் காசுதான், ஆனால் உங்கள் பெட்டியில் இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரியப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்கிறது. தற்செயலாக வாங்கியவர் இப்படிச் சேர்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மேலச்சுக் காசுகளை நாணயவியலில் இவ்வளவு கொண்டாடுவதற்குக் காரணம், அவை ஆட்சி வரிசையைச் சொல்கின்றன. கல்வெட்டில் பொய் எழுதலாம். ஒரு காசின் மேல் இன்னொரு காசு அடித்திருந்தால் எது முந்தியது என்பதில் வாதமே இல்லை. நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1906-இல் நாசிக் பக்கம் ஜோகல்தெம்பி என்ற ஊரில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. எல்லாம் மேற்குச் சத்ரப அரசன் நகபானனின் காசுகள்; அவற்றில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மீது சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் அச்சை அடித்திருந்தான். நகபானனை வென்றவன் இவன்தான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். வடமேற்கில் இந்தோ-கிரேக்க அரசர்கள் பலருடைய வரிசையையும் ஆய்வாளர்கள் இப்படித்தான் பிடித்தார்கள். முதலாம் அப்போலோடோடஸின் செப்புக் காசுகள் மீது யூக்ரடைடிஸ் பெயரில் அடித்த காசுகள் அதில் புகழ்பெற்றவை.

விலை. நேராகச் சொல்கிறேன், அந்த லட்சம் வராது. கேத்தரினின் 5 கோபெக் உலகச் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கும் காசு. அடியச்சு தெளிவாகத் தெரிந்தால் விரும்பி வாங்குவோர் உண்டு, கொஞ்சம் கூடுதலும் தருவார்கள். மூன்று அடுக்கும் படிக்க முடிந்தால் இன்னும் கொஞ்சம். பீட்டரின் 10 கோபெக் அழியாமல் அப்படியே இருந்தால் அதன் மதிப்பே வேறு. விற்பதாக இருந்தால் 'எரர்' என்று எழுதி விற்காதீர்கள். விவரம் தெரிந்தவர் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே விலகிப்போவார்.

போலியா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்கு உருவத்தைப் புதிதாக அச்சில் வெட்டிப் போலி செய்வது கடினமான வேலை. உண்மையான மேலச்சுக் காசு ஒன்றை வார்ப்பில் நகலெடுப்பது சுலபம். வார்ப்பில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிக் குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் இருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை இது: பழைய காசு எந்தக் கோணத்தில், எங்கே விழும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவே அடியச்சுத் தடங்கள் அச்சு அசலாக ஒரே இடத்தில் உள்ள இரண்டு காசுகளை எங்காவது பார்த்தால், குறைந்தது ஒன்றாவது நகல். வாங்குவதற்கு முன் ஏலப் படங்களில் இதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நல்லது.

அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டு ஆன நாணயத்தையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. 'தரச்சான்றுக்குத்தானே போகிறது, திரும்பி வந்துவிடும்' என்று கூரியரில் போட்டுச் சிக்கலில் மாட்டியவர்களை நான் அறிவேன். தரச்சான்றோடு காசை அடைத்துத் தரும் அந்தப் பிளாஸ்டிக் கூடும் உங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது நல்ல படங்களும், எடை, விட்டம், அடியச்சுக் கோணம் எழுதிய ஒரு சிறு அட்டையும்.

கடைசியாக, தூத்துக்குடி. கடல் காற்றின் உப்பு செம்புக்கு எதிரி. 'எம்' எழுத்துக் காசில் எங்காவது வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல உதிர்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கெட்டியான, பளபளப்பான பச்சை பரவாயில்லை, அது காசைக் காக்கும். உதிரும் பச்சை குளோரைடு அரிப்பு; ஈரம் பட்டால் உள்ளே தின்றுகொண்டே போகும். அப்படி இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட்டு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் யோசனை கேளுங்கள். வீட்டில் மருந்து எதுவும் போட வேண்டாம். மற்ற இரண்டையும் பி.வி.சி. உறையில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த மெத்தென்ற உறை நாளடைவில் அமிலம் கசிந்து பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டை ஹோல்டர் போதும். தொடும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

பெட்டியில் இன்னும் ரஷ்யக் காசுகள் இருந்தால் 20 கிராம் அளவில் உள்ளவற்றைப் பிரித்து வையுங்கள். 1757-இன் 2 கோபெக் காசுகள் பல, 1755 முதல் அடித்த 'மேகங்களில் கழுகு' கோபெக்கின் மீது அடித்தவை. இரண்டுக்கும் எடை ஒன்றே, 20.48 கிராம். குதிரை வீரன் வேலால் பாம்பைக் குத்தும் உருவம் மேலே இருக்கும், அடியில் மேகச் சுருள்கள் தெரியும். முகங்கள் இரண்டும் தேய்ந்துபோனாலும் விளிம்பைப் பாருங்கள். மேலே அடிக்கும் அச்சு விளிம்பைத் தொடுவதில்லை, அதனால் பழைய கோபெக்கின் விளிம்பில் பொறித்திருந்த அக்கசாலைப் பெயர் அப்படியே தங்கியிருக்கலாம். விளிம்பைச் சுற்றி எட்டுப் படம் எடுத்து, மூன்று காசுகளின் படங்களோடு சேர்த்து அனுப்புங்கள். எழுத்துகளை நான் படித்துச் சொல்கிறேன்.